பிள்ளைக்கு ஒரு கை

சிரிப்புச் சத்தம்தான் முதலில் வந்தது. கண்ணுக்கு எதிரே ஒன்றும் கிடையாது. மூடிய இமைக்குள் ஊறிக்கிடக்கும் செம்மண் இருட்டு, டேபிள் ஃபேன் ஒவ்வொரு தடவை தலை திருப்பும்போதும் கழுத்து சுளுக்கியது மாதிரி போடும் டக், அவ்வளவுதான். அதற்கு மேலாக அந்தச் சிரிப்பு. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் முக்கித் திணறுமே, அப்படித் திணறி, அடக்கப் பார்த்து, அடங்காமல் பீறிட்ட சிரிப்பு. பாதி உறக்கத்தில் கிடந்த வனராசுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எவன் பெண்டாட்டியோ, கொடுத்துவைத்தவன் என்று நினைத்தான். நினைப்பு முடிவதற்குள் அது மாரீஸ்வரி என்று தெரிந்துவிட்டது. தன் பெண்டாட்டி. அதற்கப்புறம் உறக்கம் எங்கே வரும். தன்னைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்ட கிறுக்கன் உலகத்தில் வேறு எவனாவது உண்டா என்று யோசித்தான். யோசித்ததும் அதுவும் சரியில்லை என்று பட்டது. கொடுத்துவைத்தவன் தானில்லையே. இந்தச் சிரிப்பு தனக்குக் கொடுக்கப்படவே இல்லையே. கல்யாணம் ஆன புதிதில் இருந்திருக்கலாம், கோயில் கொடை விழாவில் ராட்டினத்தில் ஏறியபோது கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அது பயத்தில் சிரித்தது, கணக்கில் சேராது. கண்ணைத் திறக்காமலே காதை நீட்டினான். முன்னறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு பழைய சேலைதான் தடுப்பு. "எனக்கு ரெண்டு பிள்ளைல்ல சார்? அப்ப ரெண்டு கையையும் தூக்கலாம்ல?" அது பக்கத்து வீட்டுப் பிலோமினா. "தாராளமாத் தூக்குங்க. பாக்குறவங்க போலீஸ் வந்துருச்சுன்னு நெனச்சிரப் போறாங்க." அது ஆம்பளைக் குரல். திரும்பவும் அந்தச் சிரிப்பு. ஓகோ. இதற்குத்தானா.

ஞானதுரை சார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வயசு முப்பதைத் தாண்டி கொஞ்சம் இருக்கும். மகள் மதுமிதா ஏழாவது படிக்கிற நகராட்சிப் பள்ளியில் இன்றைக்கு மத்தியானம் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி தேர்ந்தெடுக்கிறார்கள். படிக்கிற பிள்ளையின் தாய் ஒருத்திதான் தலைவியாகலாம் என்பது விதி. மாரீஸ்வரி நிற்கிறாள். எதிர்த்து நிற்பவள் பாத்திரக்கடை ஜெயப்பிரபா. பெற்றவர்களை வரச்சொல்லி வாத்தியார்கள் தெருத்தெருவாகப் போகிறார்கள், அந்த வகையில்தான் சார் வந்திருக்கிறார், ஜெயப்பிரபா வீட்டுக்கும் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார், "அங்க மோர் குடுத்தாங்க, இங்க என்ன?" என்று கேட்கிறார், பிலோமினா "இங்க கலரு" என்கிறாள், எல்லாம் சரிதான், ஒரு குற்றம் சொல்ல முடியாது. மாரீஸ்வரியக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அக்கா என்று கூப்பிடுகிறவன்மேல் சந்தேகப்படக்கூடாது. வனராசு படவும் இல்லை. சந்தேகமாக இருந்திருந்தால் தேவலை, அதற்கு ஒரு முகம் உண்டு, சண்டை போடலாம், சாப்பிடாமல் ஷிப்டுக்குப் போகலாம். இது அப்படி இல்லை. இது பல்லிடுக்கில் மாட்டிய நார். நாக்கு போய்ப் போய்த் தொட்டுப் பார்க்கிறது. அந்த ஆள் பேசுகிறபோது இடையில் நிறுத்துகிறார், அவள் பேசட்டும் என்று காத்திருக்கிறார். அதுதான் குறுகுறுப்பு. தான் என்றைக்காவது காத்திருந்ததுண்டா? தான் பேசுவான், அவள் 'ம்' போடுவாள், அதுதான் இந்த வீட்டில் பேச்சு.

பேச்சுக்கு நேரம் எது. வனராசு நூல் மில்லில் சைடர், நூல் சுற்றி ஓடுகிற கதிர்களுக்கு நடுவில் இரவு முழுக்க நடந்து, அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுகிறவன். ராத்திரி ஷிப்ட் அவனே கேட்டு வாங்கியது. பகல் வெளிச்சத்தில் அதிகாரிகள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அப்போது தோன்றியது. அதற்கு விலையாகப் பகலையே கொடுத்துவிட்டோம் என்பது அப்போது தோன்றவில்லை. அவன் வரும்போது அவள் அடுப்பில் நிற்கிறாள், அவன் எழும்போது அவள் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள், நடுவில் ஒரு முழுப் பகல் அவளுக்குத் தனியாக இருக்கிறது. அதில் அவள் யாரிடம் பேசுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள், வெயில் எந்தப் பக்கம் முகத்தில் விழும்போது கண்ணைச் சுருக்குகிறாள், ஒன்றும் தெரியாது. அவளைத் தனக்குத்தான் கட்டிவைத்தார்கள், அவள் வாக்கப்பட்டது என்னவோ பகலுக்கு. மில்லுக்குள்ளே பேச்சே கிடையாது. அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் அடுத்த மிஷினுக்குப் போகாது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள், தூரத்தில் நிற்பவன் டீ சொல்கிறானா திட்டுகிறானா என்று உதடு சொல்லிவிடும். அதனால் இரவெல்லாம் தனக்குள்தான் பேச்சு. எட்டாவதோடு நின்றவன், பொட்டலம் கட்டி வந்த தாளில் தொடங்கி கிளை நூலகத்து அலமாரிவரை தானாக வாசித்து வந்தவன், அவனுக்குச் சொல்ல எவ்வளவு இருந்தது. கதிர்களுக்கு நடுவில் நடந்துகொண்டே மேடை போடுவான், பேசுவான், கேள்வி கேட்பான், பதில் சொல்வான். அதில் பாதி அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி. காலையில் வந்து, பஞ்சு ஒட்டிய புருவத்தோடு, சட்னி அரைத்துக்கொண்டிருப்பவளிடம் எல்லாவற்றையும் கொட்டுவான். மிக்ஸி ஓடும். அவள் 'ம்' என்பாள். மிக்ஸிக்குச் சொன்னாளா தனக்குச் சொன்னாளா என்று அவன் நினைத்துக்கொள்வான்.

இப்போது முன்னறையில் அவள் பேசிப் பார்க்கிறாள். "சும்மா வந்து நின்னு சொல்லு மாரி, கூட்டம்னு நெனச்சிக்கோ, நாந்தான் கூட்டம்" என்று பிலோமினா அதட்ட, தொண்டையைச் செருமுகிறாள். "எல்லாருக்கும் வணக்கம். நான் மதுமிதா அம்மா. நான் வந்தா மொத வேலை என்னன்னா, பொம்பளப் பிள்ளைக கக்கூசுக்குத் தாழ்ப்பாள். தாழ்ப்பாளும் தண்ணியும். பிள்ளைக காலையில போனா வீடு வர்ற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேங்குதுக. ஏன் குடிக்கலன்னா, குடிச்சா போகணும். போறதுக்கு எடம் இல்ல. அடக்கி அடக்கி வயித்த வலிக்குதுன்னு வருதுக. இத யாரும் மைக்கில சொல்ல மாட்டாங்க, வெக்கம். நான் சொல்லுவேன்." பிலோமினா கையைத் தட்டினாள். "இத மட்டும் சொன்னாலே போதும் போ." வனராசு சுவர்ப் பக்கம் புரண்டான். சுவரில் சுண்ணாம்பு பொரிந்து ஒரு வரைபடம் மாதிரி இருந்தது. என் பேச்சு. என் வார்த்தை. குடித்தால் போகவேண்டும், போக இடமில்லை, இது நான் அன்றைக்குக் காலையில் இந்த அடுப்படி வாசலில் நின்று, கையை இப்படி வைத்துக்கொண்டு சொன்னது. வார்த்தை மாறாமல் சொல்கிறாளே. 'ம்' போட்டதெல்லாம் இதற்குத்தானா, கேட்காத மாதிரி கேட்டு உள்ளே அடுக்கி வைத்திருந்தாளா. "ரெண்டாவது, எட்டாவது படிக்கிற பிள்ள எழுத்துக்கூட்டித்தான் வாசிக்குது. அத மொதல்ல ஒத்துக்கிடணும். ஒத்துக்கிட்டாத்தான் மருந்து. சாயங்காலம் அந்தப் பிள்ளைகளத் தனியா உக்கார வச்சு வாசிக்கச் சொல்லிக் குடுக்க ஆள் வேணும், நாங்க தாய்மாரு நாலு பேரு வந்து கூட உக்காருறோம்." "பிரமாதம்க்கா" என்றார் சார். பிரமாதமாம். யாருடையது பிரமாதம். "மூணாவது, பெத்தவங்க கூட்டத்த வேலைக்குப் போறவங்க வர்ற நேரத்துல வைக்கணும். கூலிக்குப் போனவ சம்பளத்த விட்டுட்டு வருவாளா? வராதவளுக்கு அக்கறை இல்லன்னு எழுதிக்கிடுறீக." சார் லேசாகச் சிரித்து, "எங்களையும் ஒரு குத்து குத்துறீங்க" என்றார். "குத்தத்தான செய்யணும்." மூன்று சொல்லிவிட்டாள். வனராசு நான்காவதுக்காகக் காத்திருந்தான். நான்காவது வரும். அது வராமல் இருக்காது. அது அவன் உயிரை விட்டுச் சொன்னது. மதுமிதாவைச் சேர்க்கப் போன அன்றைக்குத் தலைமையாசிரியை அறை ஓரத்தில் பார்த்தான், கண்ணாடி அலமாரி, உள்ளே புத்தகம் புத்தகமாக, பூட்டுக்கு மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று ஒரு டீச்சர் சொன்னார்கள். தொலையட்டுமே! தொலைகிற புத்தகம்தான் யாராவது வாசிக்கிற புத்தகம். அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும் என்று எத்தனை காலையில் சொல்லியிருக்கிறான். "அவ்வளவுதான், நன்றி வணக்கம்னு முடிச்சிரவா?" என்றாள் மாரீஸ்வரி. முடித்துவிட்டாள். அலமாரி இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவள் அதை மட்டும் குப்பை என்று ஒதுக்கிவிட்டாள். எடுத்தது ஒரு வலி என்றால் எடுக்காமல் விட்டது அதைவிடப் பெரிய வலியாக இருந்தது.

"ஜெயப்பிரபா என்ன சொல்லுதா?" என்று பிலோமினா கேட்பதும், "வாசல்ல ஆர்ச் கட்டணுமாம், சுத்தி கேமரா, ஆண்டு விழாவுக்கு நெரந்தர மேடை" என்று சார் சொல்வதும், "கக்கூசுக்குத் தண்ணி இல்ல, ஆர்ச்சு ஒரு கேடு" என்று பிலோமினா நொடிப்பதும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது மாதிரி கேட்டன. பிறகு கைகளைப் பற்றிய பேச்சு வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு கை என்பது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். புருசனும் பெண்டாட்டியும் வந்தாலும் பிள்ளைக்கு ஒரு கைதான். ஜெயப்பிரபாவுக்குக் கடைத்தெரு முழுக்கக் கை தூக்கும். "நீ முன்னால நிக்கப் போற, ஒனக்கு நீயே தூக்கிக்கிட முடியாதுல்ல மாரி, அசிங்கமா இருக்கும்" என்றாள் பிலோமினா. "நிக்கிறவுக தூக்குறது இங்க வழக்கமில்லக்கா" என்றார் சார். "அப்ப ஒங்க வீட்டுக் கை?" கேட்டது பிலோமினாதான். வனராசு மூச்சை நிறுத்தினான். ஃபேன் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது, வருவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. மாரீஸ்வரி தெருவில் ஒரு வீடு விடாமல் கேட்டிருக்கிறாள். பேச்சு வார்த்தை இல்லாத தண்ணிவண்டிக்காரன் வீட்டில்கூடப் போய்க் கேட்டிருக்கிறாள், மதுமிதா சொன்னாள். தன்னிடம் கேட்கவில்லை. நேற்றுக் கேட்கவில்லை, இன்றைக்குக் காலையில் தோசையை வைத்துவிட்டு நின்றாளே, அப்போதும் கேட்கவில்லை. கேட்டால் போகலாம். கேட்டால் என்ன, ஒரு வார்த்தை, வாரீகளா என்று. சேலைத் தடுப்பு அசைந்தது. அவள்தான். அவன் கண்ணை இறுக்காமல் மூடிக்கொண்டான். இறுக்கினால் விழித்திருப்பது தெரிந்துவிடும், பதினாலு வருசப் பழக்கம். பீரோ திறந்தது. நாப்தலின் உருண்டை வாசனை, பட்டு இல்லாத நல்ல சேலையின் மொடமொடப்பு. அவள் நின்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றாள். கேள். இப்போது கேள். ஃபேன் வந்து அவன் மேல் காற்றைக் கொட்டிவிட்டு அவளிடம் போயிற்று, அவள் சேலை படபடத்தது. பிறகு அவள் ஃபேனின் கழுத்துக் குமிழை அழுத்தினாள். அது தலை திருப்புவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் போய்விட்டாள்.

வெளிக்கதவு சாத்திய பிறகு வீடு ஒரு வெறும் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. வனராசு எழுந்து உட்கார்ந்தான். முன்னறையில் மூன்று டம்ளர் இருந்தது, ஒன்றில் ஆரஞ்சு நிறம் அடியில் தங்கியிருந்தது, அது சாருடையதாக இருக்கும் என்று தோன்றியதும் அதை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தான், வைத்துவிட்டு என்ன செய்கிறோம் என்று வெட்கப்பட்டு மற்றதோடு சேர்த்தான். ராத்திரிச் சோற்றுத் தூக்குவாளி காலையில் போட்டது போட்டபடி குழாயடியில் கிடந்தது. கூட்டத்து அவசரத்தில் அவள் கழுவவில்லை. சரி, கழுவுவோம் என்று உட்கார்ந்தான். கைக்கு வேலை கொடுத்தால் மனசு ஓரமாகப் போகும். போகவில்லை. சோப்பு நுரைத்தது, நினைப்பும் நுரைத்தது. அன்றைக்கு என்ன நடந்தது? மதுமிதா பையை வாசலிலேயே எறிந்துவிட்டுக் கக்கூசுக்கு ஓடினாள். சாயங்காலம். இவன் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தான். மாரீஸ்வரி கதவுப் பக்கம் போய் நின்றாள். பிறகு இவன் சொன்னான், பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை, குடித்தால் போகவேண்டும் என்று. சொன்னானா? அந்தக் கண்ணாடியில் அவன் முகம் தெரிகிறது, வாயில் சீப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறான். சீப்பைக் கடித்த வாயால் எப்படிப் பேசியிருப்பான். சீப்பை எடுத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தான். பை விழுகிறது. பிள்ளை ஓடுகிறது. மாரீஸ்வரி கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், உதடு அசைகிறது. அந்த உதட்டை நன்றாக வாசிக்க முடிந்தது. குடிச்சா போகணும்ல, போறதுக்கு எடம் வேணும்ல. இல்லை, இல்லை. அது அவள் பிற்பாடு சொன்னது, தான் சொன்னதைக் கேட்டுச் சொன்னது. அன்றைக்கு ராத்திரி முழுக்க மில்லில் இதைத்தானே பேசினான், கதிருக்குக் கதிர் நடந்து, ஒரு மேடைப் பேச்சாகவே ஆக்கி, மறுநாள் காலையில் மிக்ஸிக்கு முன்னால் நின்று... ஆமாம், மறுநாள் காலையில். முந்தின நாள் சாயங்காலம் அவள் சொன்னதை. அவள் 'ம்' என்றாள். அவள் வார்த்தையே திரும்பி அவளிடம் வந்தால் வேறு என்ன சொல்வாள். கழுவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டுகிற பிள்ளைகள்? அதுவாவது? சாயங்காலம் பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பது பிலோமினா வீட்டு வாசலில் மாரீஸ்வரிதான், அவனுக்கு எப்படித் தெரிந்தது எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டுகிறது என்று. கூட்ட நேரம்? அவள் பட்டாசுக்கு லேபிள் ஒட்டப் போன காலத்தில் கூட்டத்துக்குப் போகமுடியாமல் அழுதாளே. எல்லாம் அறுந்து அறுந்து அவள் பக்கமே ஓடுகிறது. ஒட்டப் பார்த்தான், பிடி கிடைக்கவில்லை. அப்படியானால் தனக்கென்று இருந்தது அந்த அலமாரி ஒன்றுதான். அதையும் அவள் வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது கோபப்படவும் முடியாமல் போயிற்றே என்பதில் இன்னொரு கோபம் வந்தது.

பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். அங்கிருந்து மைக் கரகரவென்று இழுத்தது, யாரோ ஊதினார்கள், "ஹலோ ஹலோ" என்றார்கள், பிறகு ஒரு பெண் குரல். வார்த்தை புரியவில்லை. ஆனால் ஏற்ற இறக்கம் ஆர்ச்சும் கேமராவுமாக இருந்தது, ஜெயப்பிரபாதான். அடுத்து மாரீஸ்வரி பேசுவாள். ஊரே கேட்கும், பகல் கேட்கும், அவன் குழாயடியில் உட்கார்ந்து நுரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கூப்பிடாத இடத்துக்கு எவன் போவான். சம்பந்தி வீட்டு விசேசமென்றாலும் கூப்பிட்டால்தானே. போகவேண்டாம். எழுந்தான். போவதற்காக எழவில்லை, கால் மரத்துவிட்டது. வாசல்வரை நடந்தான். தெரு வெறிச்சென்று இருந்தது, எல்லாரும் அங்கேதான், தண்ணிவண்டிக்காரன்கூட வண்டியை ஓரமாக விட்டுவிட்டுப் போயிருக்கிறான், அவன் கையைத் தூக்குவான், அந்தக் கையைக் கேட்டுப் போனது தன் வீட்டிலிருந்துதான். இப்படி நினைத்துக்கொண்டே வனராசு நடந்தான். கைலியும், ஷிப்டுக்குப் போகிற சட்டையும். வெயில் தலையில் ஆணி மாதிரி இறங்கியது. பகலில் இந்தத் தெரு இவ்வளவு நீளம் என்று தெரியாது.

பள்ளிக்கூட ஹாலில் இடம் இல்லை. பின்பக்கத்து ஜன்னல் ஓரம் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். மாரீஸ்வரி மைக்கைப் பிடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. "அய்யோ" என்று ஒரு அலை எழுந்தது. அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் குரலில் பேசினாள். பின்னால் இருந்தவர்கள் கேக்கல, கேக்கல என்றார்கள். வனராசுக்கு ஒன்றும் தடை இல்லை. உதட்டில் எல்லாம் தெரிந்தது, குரல் வந்து சேர்வதற்கு முன்னால் அவனுக்கு வந்தது. தாழ்ப்பாளும் தண்ணியும். கூட்டத்தில் ஒரு அசைவு, பெண்கள் தலையைக் குனிந்தார்கள், பிறகு ஒருத்தி நிமிர்ந்தாள், பிறகு நிறையப் பேர். இவள் யார்? நல்ல சேலை கட்டி, வெயில் ஒரு பக்கக் கன்னத்தில் விழ, கண்ணைச் சுருக்கி, ஆம்பளைகளும் பொம்பளைகளுமாக இருக்கிற கூட்டத்தைப் பார்த்துக் கக்கூசைப் பற்றிப் பேசுகிற இவளைத் தனக்குத் தெரியாது. பேசி முடித்து உட்காரப் போனவளிடம் சார் குனிந்து ஏதோ கேட்டார். சாரின் முதுகுதான் தெரிந்தது. அவள் உதடு தெரிந்தது. "தூங்கட்டும் சார்" என்றாள். தன்னைப் பற்றித்தான். வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டிருப்பார். தூங்கட்டும். எப்படிச் சொன்னாள்? பாவம் தூங்கட்டும் என்றா, தொலையட்டும் தூங்கட்டும் என்றா? வந்து என்ன ஆகப்போகிறது என்றா? உதட்டில் வார்த்தை தெரியும், குரல் தெரியாது. இருபது வருசம் உதட்டை வாசித்துக் கற்ற வித்தை இந்த இடத்தில் வந்து கையை விரித்துவிட்டது. குரலைக் கேட்டது அந்த ஆள் ஒருவன்தான். அவனிடம் போய்க் கேட்க முடியுமா, சார், என் பெண்டாட்டி அதை எந்தக் குரலில் சொன்னாள் என்று. தலைமையாசிரியை எழுந்து, "பெற்றோர் யாராவது பேசணும்னா பேசலாம், பள்ளிக்கு என்ன வேணும்னு" என்றார்கள். யாரும் எழவில்லை. "யாராவது?" என்று இன்னொரு தடவை கேட்டார்கள். வனராசு சாரையே பார்த்துக்கொண்டிருந்தான். சார் மாரீஸ்வரியைப் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தான். சார் எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, மின்கம்பத்தையோ எதையோ, கரண்ட் எப்போது வரும் என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயப்பிரபாவுக்குக் கைகள் எழுந்தன. கடைத்தெரு, வளையல் சத்தத்தோடு. சார் விரலை நீட்டி நீட்டி எண்ணி, தலைமையாசிரியையிடம் சொன்னார். "அடுத்து மாரீஸ்வரி." பிலோமினா சொன்னபடியே இரண்டு கையையும் தூக்கினாள், பக்கத்திலிருந்தவள் அவள் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டினாள். தண்ணிவண்டிக்காரன் தூக்கினான். வனராசின் கை கம்பியைப் பிடித்திருந்தது. இந்தக் கையைத் தூக்கினால் என்ன அர்த்தம்? நீ சொன்னதெல்லாம் உன்னுடையதுதான் என்று அர்த்தம். பகல் உன்னுடையது, எடுத்துக்கொள் என்று அர்த்தம். தூக்காவிட்டால் மதுமிதாவின் கை, தாழ்ப்பாளில்லாத அந்தக் கதவை உள்ளேயிருந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் கை, இங்கே எண்ணிக்கையில் இல்லாமல் போகும். கம்பியை விட்டான். கை தானாகத்தான் போயிற்று என்று பிறகு நினைத்துக்கொண்டான், ஆனால் தானாகப் போகவில்லை, கனமாக இருந்தது, முக்கித்தான் தூக்கினான். சாரின் விரல் தலை தலையாக நகர்ந்து வந்து ஜன்னலில் நின்றது. "வெளிய நிக்கிறவங்கள எண்ண முடியாதுண்ணே. உள்ள வாங்க." எல்லாரும் திரும்பினார்கள். வனராசு செருப்பைக் கழற்றிவிட்டு வாசலைச் சுற்றி உள்ளே வந்து, வாசற்படியிலேயே நின்று, மறுபடியும் தூக்கினான். முழங்கைவரை சோப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்திருந்தது. "பாத்திரம் வெளக்குறதப் பாதியில போட்டுட்டு வந்துட்டாருடி மாரி!" என்று பிலோமினா கத்தினாள். ஹாலே சிரித்தது. "எங்க வீட்டுலயும் இருக்கே ஒண்ணு" என்று எவளோ சொல்ல, சிரிப்பு இன்னும் பெருத்தது. சார் சிரிக்கவில்லை, விரலை நீட்டி, வனராசை எண்ணி, அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். வனராசுக்குள் கொட்டிக் கிடந்த வெறுப்பெல்லாம் அந்த விரலில் போய் உட்கார இடம் தேடி, கிடைக்காமல் திரும்பி வந்தது. அவர் வெறுமனே எண்ணிக்கொண்டிருக்கிறார். மாரீஸ்வரி அவனைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஓடியது. கூட்டத்துக்கு நடுவில் அதை வாசிக்க முடியவில்லை. கைகள் இறங்கின. எண்ணிப் பார்த்தபோது மாரீஸ்வரிக்கு ரொம்பவே அதிகம் இருந்தது, அவன் கை இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பாள்.

அவள் கையெழுத்துப் போட்டு, போட்டோவுக்கு நின்று, ஜெயப்பிரபாவின் கையைப் பிடித்து ஏதோ பேசி, வீடு வந்து சேர்வதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. வனராசு முன்னாலேயே வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் சேலையில் குத்தியிருந்த ஊக்கை ஒவ்வொன்றாக எடுத்து வளையலில் மாட்டிக்கொண்டே உள்ளே போனாள். "டீ போடவா?" என்றாள். "கூப்பிடவே இல்லையே நீ" என்றான். கேட்கக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்ததைத்தான் கேட்டான். "ஒறங்குற மனுசன என்னன்னு எழுப்ப? ராத்திரி மிஷினுக்கு முன்னால நிக்கணும்ல. கண்ணசந்தா கை போயிரும்." சாதாரணமாகச் சொன்னாள், பாலை அடுப்பில் வைத்துக்கொண்டு. அப்படியானால் அந்தத் 'தூங்கட்டும்' இந்தக் குரலில்தானா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், இது வீட்டுக் குரல், அது வெளிக் குரல். "அந்த அலமாரிய ஏன் விட்டுட்ட?" "எது?" "புத்தக அலமாரி. எல்லாம் சொன்ன. அத மட்டும் சொல்லல." அவள் திரும்பினாள். "அது நீங்க சொன்னதுல்ல." பால் சிணுங்கத் தொடங்கியது. "மத்ததெல்லாம் என் வயித்துல கெடந்தது, நான் பேசுனேன். இது ஒங்களது. நான் எடுத்துப் பேசுனா நல்லாவா இருக்கும்? பேசிட்டு வந்து உக்காந்து ஒங்க தலையப் பாத்ததும், சரி, மனுசன் அதுக்குத்தான் வந்துருக்காகன்னு நெனச்சேன். பெரிய டீச்சர் ரெண்டு தடவ கேட்டாங்கல்ல, யாராச்சும் பேசுறீகளான்னு? நான் ஜன்னலையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்." பால் பொங்கி வந்தது, அவள் அடுப்பை அணைத்தாள். "நீங்க எங்கிட்டோ பாத்துக்கிட்டு நின்னீக." ஒரு குறையும் இல்லாத குரலில் அதைச் சொல்லிவிட்டு டம்ளரைத் தேடினாள். வனராசுக்கு அந்த நிமிசம் கண்ணுக்கு முன்னால் வந்தது. தலைமையாசிரியையின் வாய், யாராவது, யாராவது. தான் ஒரு ஆளின் முகத்தை, அதில் இல்லாத ஒன்றைத் தேடித் துழாவிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க, அந்தப் பக்கம் அவள் கண் தன்மேல் இருந்திருக்கிறது. திரும்பியிருந்தால் பார்த்திருக்கலாம். தொலைகிற புத்தகம்தான் வாசிக்கிற புத்தகம் என்று ஒரு வரி, இரவெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வரி, அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். "அடுத்த கூட்டம் எப்ப?" என்றான். "இனிமே நாந்தான வைக்கணும். சாயங்காலமா வைப்போம், நீங்க ஷிப்டுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி" என்றாள். அதற்குள் வாசலில் "தலைவியம்மா!" என்று பிலோமினாவின் குரலும் அதற்குப் பின்னால் நாலைந்து பேரின் செருப்புச் சத்தமும் கேட்டன; அவள் தலையை ஒதுக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு வந்தது, முக்கித் திணறி, பீறிட்டு. நார் இன்னும் பல்லிடுக்கில்தான் இருந்தது, நாக்கு போய்த் தொட்டது. வனராசு குழாயடிக்குப் போய்க் குந்தினான். நுரையெல்லாம் வற்றி, பருக்கை ஒட்டிக் காய்ந்துபோயிருந்த தூக்குவாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தேங்காய் நாரை நனைத்து, விட்ட இடத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினான்.